1930 இறுதிப் போட்டிப் பந்தின் நகல்: வாங்கலாமா?

மான்டிவிடியோவின் சென்டெனாரியோ மைதானத்தில் 1930 ஜூலை 30 அன்று உருகுவே அர்ஜென்டினாவை 4-2 என்று வீழ்த்திய முதல் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியின் பந்தைப் போலவே தைத்தது என்று ஆன்லைனில் ஒருவர் விற்க, ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். தோல் அருமை, பிரித்ததும் புதுச் செருப்பு வாசனை. சரி, ஆனால் எந்தப் பந்து? யார் பந்தில் ஆடுவது என்று தகராறு வந்து, முதல் பாதியை அர்ஜென்டினா பந்தில் ஆடி அவர்கள் 2-1 முன்னிலை எடுக்க, இரண்டாம் பாதியில் உருகுவே தன் பந்தில் மூன்று கோல் அடித்தது. பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காற்றடிக்கும் வாயை வாரால் கட்டிய இடம் துருத்திக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு தடவை தலையால் முட்டினேன், நெற்றியில் தடம். காற்றும் இரண்டு நாளில் இறங்கிவிடுகிறது, வாரை அவிழ்த்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும். அலமாரியில் வைக்க மட்டும் வாங்கலாம்.