ஏலமா, டீலரா, நேரடியா? பழைய எம்.ஜி.பி.யை எப்படி விற்பது

24 வருடம் வைத்து ஓட்டிய 1972 எம்.ஜி.பி. ரோட்ஸ்டரை (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இந்த வசந்தத்தில் விற்றேன். முட்டி வலிக்காரனுக்கு அவ்வளவு தாழ்வான கார் ஒத்துவராது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வண்டியை விற்க ஏலம், கிளாசிக் கார் டீலர், கிளப் விளம்பரம் மூலம் நேரடி விற்பனை என்று மூன்று வழி. பெயின்ட் மங்கி, சீட் தோல் வெடித்திருந்தாலும் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும் வண்டி என்னுடையது. பளபளக்கும் வண்டிக்கு என் கணக்கு பொருந்தாது.

எம்.ஜி.பி. ஒன்றும் அபூர்வம் இல்லை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் பெயருக்கு விலை கிடையாது, நிலைக்குத்தான். அமெரிக்கச் சட்டத்துக்காக 1974 கடைசியில் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டினார்கள். அதற்கு முந்தைய குரோம் பம்பர் வண்டிக்குக் கொஞ்சம் மவுசு அதிகம். என்னுடையது குரோம்.

ஏலத்தின் வசதி, யாரும் நம் வீட்டு வாசலுக்கு வர வேண்டாம். ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நான் விசாரித்த இடத்தில் விற்பவரிடம் 10% கமிஷன், வாங்குபவரிடம் 12%, இரண்டின் மேலும் 20% வாட் வரி. 7,000 பவுண்டில் சுத்தியல் விழுந்தால் வாங்குபவர் கொடுப்பது 8,008, என் கைக்கு வருவது 6,160. நடுவில் 1,848 பவுண்ட். அதுகூடப் பரவாயில்லை. கூடத்து விளக்கு வெளிச்சத்தில் தெரிவது பெயின்ட்தான். என் காசெல்லாம் போனது வண்டிக்கு அடியில்.

டீலர் சமாச்சாரம் சீக்கிரம் முடிந்தது. 5,000 என்றார். அடிமாட்டு விலை என்று முதலில் கோபம் வந்தது, அப்புறம் அவர் பக்கமும் புரிந்தது. 2015 நுகர்வோர் சட்டப்படி, வியாபாரி விற்ற வண்டியில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. ஐம்பது வயது கார்பரேட்டரை நம்பி யார் அந்தப் பொறுப்பை ஏற்பார்கள்? ‘விற்றால் பணம், விற்காவிட்டால் வண்டி’ என்ற ஏற்பாட்டுக்கும் தயாராக இருந்தார். வண்டி அவர் இடத்தில், பணம் எப்போது வரும் என்ற கவலை என்னிடம். வேண்டாம் என்றுவிட்டேன்.

மிச்சம் நேரடி விற்பனை. தொல்லை பிடித்த வேலைதான். வெறுமனே பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் இரண்டு பேர், பாதி விலைக்குக் கேட்டவர் ஒருவர். 40 வயது தாண்டிய வண்டிக்கு, பெரிய மாற்றம் ஏதும் செய்யாதவரை, எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை. இருந்தாலும் புதிதாக ஒன்று எடுத்து வைத்தேன். விற்கிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன். பழைய சோதனை முடிவுகளை நம்பர் பிளேட்டை வைத்தே ஆன்லைனில் யாரும் பார்த்துவிடலாம் என்பதால், மறைத்துப் பேசிப் பயனும் இல்லை.

நான்காவதாக வந்தவர் பெயின்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து மூடினார். இந்த வண்டிக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் முதுகெலும்பு. அது உள்ளே துருப்பிடித்திருந்தால், தூக்கும்போது உடல் வளைந்து கதவு இடிக்கும். என் வண்டியில் கதவு ‘டக்’ என்று சாத்திக்கொண்டது. மறுபக்கமும் பார்த்தார். பிறகு தரையில் படுத்து, வெல்டிங் செய்த இடத்தை விரல் மடக்கித் தட்டினார். ஒன்பது வருடத்துக்கு முன் இரண்டு பக்க சில்லையும் உள்தகடு வரை மாற்றிய பில்லை நீட்டினேன். பில்லையும் அதோடு இருந்த போட்டோக்களையும் பத்து நிமிடம் படித்தார்.

7,100க்கு முடிந்தது. அதே வண்டியை ஏலத்தில் 7,000க்கு எடுத்திருந்தால் அவருக்கு அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகியிருக்கும். எனக்குக் குறைவாகத்தான் வந்திருக்கும். பணம் வங்கியில் ஏறியதைப் பார்த்த பிறகே வி5சி என்ற வண்டிப் பதிவுப் புத்தகத்தில் புது உரிமையாளர் துண்டைக் கிழித்துக் கொடுத்து, அவர் எதிரிலேயே வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்கு ஆன்லைனில் தெரிவித்தேன். ஓவர்டிரைவ் (வேகத்துக்கான கூடுதல் கியர்) சுவிட்ச் சில நேரம் சண்டித்தனம் செய்யும், இரண்டு முறை தட்டிப் பாருங்கள் என்றேன். “விளம்பரத்திலேயே எழுதியிருந்தீர்களே” என்றார்.