‘ஜப்பான் சில்லு, ஓடவே இல்லை’ என்று சொன்னால் முதலில் டயரைக் கழற்றுங்கள்

கடந்த ஆண்டு ஒரு கடையில் 42,000 ரூபா கொடுத்து என் சைக்கிளுக்கு நான் வாங்கிய சோடிச் சில்லுகளில் பின்சில்லு, பதினோராவது வாரத்தில், நானுஓயாவிலிருந்து இறங்கும் ரதல்ல குறுக்கு வீதியில் வெடித்தது. டியூப் மட்டும் வெடித்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. டயர் உட்காரும் உலோக வளையமான ரிம்மின் பக்கச்சுவர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து வெளியே வளைந்து நின்றது. விபத்துகளுக்குப் பெயர்போன அந்த வீதியில் அப்போது பின்னால் வாகனம் எதுவும் வராததால் முழங்கை சிராய்ப்போடு தப்பினேன்.

என்னுடையது கன்டிலீவர் பிரேக் பூட்டிய பழைய சைக்ளோகிராஸ் சைக்கிள், அதாவது சேற்றுப் பாதைப் போட்டிக்கென்று செய்தது. அலுமினிய ஃபிரேம், பத்து வேகக் கசெட் (பின்சில்லின் பற்சக்கரத் தொகுதி), பின்ஹப்பின், அதாவது பின்சில்லின் நடுக்குடத்தின் அகலம் 130 மில்லிமீற்றர். போட்டி விதிப்படி இவ்வகைச் சைக்கிளின் டயர் 33 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. ஆனால் நம் தோட்டப் பாதைகளின் கல்லுக்கும் சேற்றுக்கும் அந்த அகலமே போதுமானது என்பதால்தான் இதை வைத்திருக்கிறேன். இதிலுள்ள குறை ரிம்மில் உரசும் பிரேக்தான். மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழையில், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும்போது, ஈரமும் மணலும் சேர்ந்து பிரேக் கட்டையை அரத்தாளாக்கி ரிம்மை அரைத்துவிடும். என் பழைய ரிம்களில் தேய்மானத்தைக் காட்டும் மெல்லிய பள்ளம் மறைந்துபோயிருந்தது. மாற்றவேண்டிய நேரம் என்பது சரியாகவே தெரிந்தது. அதற்குப் பிறகு நான் செய்தவைதான் பிழை.

கடைக்காரர் என் சைக்கிளைப் பார்த்தவுடன், “தம்பி, இது 700சி. நம்மகிட்ட ஜப்பான் சில்லு இருக்கு, ஓடவே இல்ல. வண்டிய விட்டுட்டுப் போங்க, நானே பூட்டித் தாறேன்” என்றார். 700சி என்பது சில்லின் அளவு. 2022இல் ரூபா சரிந்த பிறகு புதிய சோடியின் விலையைக் கேட்கவே பயமாக இருந்த எனக்கு அது நல்ல பேச்சாகப் பட்டது. பழைய சில்லுகளை 2,000 ரூபாவுக்குக் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். மாலையில் போனபோது பளபளவென்ற கறுப்பு ரிம்கள் பூட்டப்பட்டிருந்தன. காசைக் கொடுத்துவிட்டு, ‘சில்லு சோடி 1’ என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் எச்சரிக்கை அடுத்த கிழமையே கிடைத்தது. காற்றுப்போன பின்சில்லைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது, ஃபிரேமின் இரண்டு கால்களையும் கையால் விரித்துப் பிடித்தால்தான் சில்லு உள்ளே போயிற்று. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, புதுச் சில்லு அப்படித்தான் இறுக்கமாக இருக்கும் என்றார். நம்பினேன்.

வெடித்த பிறகு ஹட்டனில் நெடுநாளாகச் சைக்கிள் திருத்தும் பெரியவர் ஒருவரிடம் சில்லைக் கொண்டுபோனேன். அவர் டயரைக் கழற்றி, பக்கச்சுவரை அளந்தார். புதிய ரிம்மில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் இருக்கவேண்டிய சுவர், கிழியாத இடத்திலும் 0.7 மில்லிமீற்றர்தான் இருந்தது. குழிந்து தேய்ந்த தடத்தை அரத்தாளால் மட்டப்படுத்தி, தேய்மானப் பள்ளம் இருந்த இடத்தில் சாயம் பூசியிருந்தார்கள். சில்லுக் கம்பிகளில் இரண்டு வகைத் தடிப்பு கலந்திருந்தது. ஹப் 135 மில்லிமீற்றர், அதாவது மவுண்டன் சைக்கிளுக்குரியது. இரும்பு ஃபிரேம் ஐந்து மில்லிமீற்றர் விரிவை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அலுமினியம் அப்படிப் பொறுக்காது, வெடிப்பு விழலாம். கடைசியாக அவர் கேட்ட கேள்விதான் என்னை அதிகம் சுட்டது: “ஒங்க பழைய ஹப்புக்கு என்னா கொற? ரிம்ம மட்டும் மாத்தியிருக்கலாமே.”

குறை எதுவும் இல்லை. 32 கம்பித் துளை கொண்ட, எட்டிலிருந்து பத்து வேகம் வரை ஏற்கும், நன்றாகச் சுழன்ற ஹப் அது. அதைத்தான் 2,000 ரூபாவுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். திருப்பிக் கேட்கப் போனபோது அது ‘போய்விட்டது’. அடுத்த கிழமை வாருங்கள், பார்க்கலாம் என்று கடைக்காரர் மூன்று முறை அலையவிட்டார்.

அந்த அலைச்சலில் இன்னொன்றும் கைநழுவியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, இவ்வாறான முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு நான் அழைத்தபோது பதினான்காவது வாரம். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டியது வணிகரின் கடமை. அதில் ரிம்மின் அளவு, ஹப்பின் அகலம், புதியதா பாவித்ததா என்பவற்றை எழுதச் சொல்லியிருக்க வேண்டும். எழுத மறுத்திருந்தால் அங்கேயே விஷயம் தெரிந்திருக்கும்.

குறைந்த விலையில் சில்லு தேடுபவர்கள் ‘28 அங்குலம்’ என்ற சொல்லையும் நம்பவேண்டாம். நம் ஊர் உயரமான பாரச் சைக்கிளின் 28 அங்குல ரிம், டயர் உட்காரும் இடத்தில் 635 மில்லிமீற்றர். 700சி ரிம் 622. இரண்டுக்கும் ஒரே டயர் பொருந்தாது. 29 அங்குல மவுண்டன் சில்லும் 622தான் என்பதால் டிஸ்க் பிரேக்கும் 135 மில்லிமீற்றர் இடைவெளியும் உள்ள ஃபிரேமுக்கு அது மலிவான, உறுதியான வழியாக அமையலாம். ஆனால் டிஸ்க்குக்கென்றே செய்த ரிம்மில் பிரேக் கட்டை உரசுவதற்கான தடம் இருக்காது. என்னுடையதைப் போன்ற சைக்கிளுக்கு அது ஆகவே ஆகாது. பதினொரு வேக ரோட் ஹப்பில் பத்து வேகக் கசெட்டைப் பூட்ட, இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையம் இருந்தால் போதும். பத்து வேக ஹப்பில் பதினொரு வேக ரோட் கசெட்டைப் பூட்டப் பொதுவாக முடியாது. அழகுக்காக 20, 24 கம்பிச் சில்லுகளைத் தேடுபவர்களோடு எனக்கு வாதமில்லை, ஆனால் தேயிலை மலைப் பாதையில் ஒரு கம்பி அறுந்தாலும் வீடுவரை உருட்டிவரக்கூடியது 32 கம்பிச் சில்லுதான்.

இப்போது பாவித்த ஹப் ஒன்றை 9,000 ரூபாவுக்கு வாங்கி, புதிய ரிம்மில், கம்பிகளை ரிம்மோடு பிடிக்கும் பித்தளை நிப்பிள்களோடு, அதே பெரியவரிடம் கோர்த்து வாங்கியிருக்கிறேன். முன்சில்லின் சுவரும் 0.9 மில்லிமீற்றர்தான் என்று தெரிந்ததால் அதையும் கழற்றிவிட்டேன். போன மாதம் அந்தக் கடை வழியாக பஸ்ஸில் போனபோது வாசலில் இன்னொரு சோடி தொங்கியது. அதுவும் பளபளக்கும் கறுப்புதான்.