வேளச்சேரியில் ஒற்றை ரூம் வீடா? டோக்கன் போடும் முன் பாருங்கள்

வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் தனியாகத் தங்க ஒரு ரூம், சின்ன கிச்சன், பாத்ரூம் என்று தேடுபவர்களிடம் பல விதமாகப் பணம் பறிக்கிறார்கள்.

ஒன்று போனிலேயே முடிந்துவிடும். பன்னிரண்டாயிரம் போகும் வீட்டை ஏழாயிரம் என்று விளம்பரம் போடுவார்கள். கூப்பிட்டால், "ராணுவத்தில் இருக்கேன், வடக்கே மாற்றலாகிடுச்சு" என்பார். சீருடைப் படம், ஆதார் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும், யாரிடமோ திருடியவை. வீடு பார்க்க கேட் பாஸ் கட்டணம், அப்புறம் அதைத் திருப்பித் தருவதாக ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்து பின் போட்டால் மறுபடியும் உங்கள் பணம்தான் போகும். யுபிஐயில் பணம் வந்து சேர பின் தேவையே இல்லை.

இன்னொன்றில் வீடு நிஜம், சாவி நிஜம், ஆள் மட்டும் பொய். அங்கே வாடகைக்கு இருப்பவரோ, சில நாளுக்கு எடுத்தவரோ தன்னை ஓனரின் தம்பி என்று சொல்லிக்கொண்டு கதவைத் திறந்து காட்டுவார். "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருது, பத்தாயிரம் டோக்கன் போட்டா பிடிச்சு வைக்கிறேன்." இதே வசனம் பல பேரிடம். ஒன்றாம் தேதி எல்லோரும் பெட்டியோடு வந்து நிற்கும்போது போன் ஸ்விட்ச் ஆஃப்.

அவசரப்படுத்தினாலே விலகுங்கள். கிரயப் பத்திர நகல், சொத்து வரி ரசீது, கடைசி ஈபி ரசீது மூன்றையும் கேளுங்கள். ஈபி மட்டும் போதாது. பழைய ஓனர் அல்லது பில்டர் பெயரிலேயே பல இணைப்புகள் கிடக்கின்றன. பத்திர எண் கிடைத்தால், அந்தச் சொத்தில் நடந்த பத்திரப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஓனர் வெளியூர் என்றால் வீடியோ காலில் பேசுங்கள், பணத்தை அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போடுங்கள். வாட்ச்மேனிடமும் எதிர்வீட்டிலும் விசாரிப்பது எல்லா ஆவணத்தையும்விட சீக்கிரம் உண்மையைச் சொல்லும்.

மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துத் தங்கும் லீஸ் என்று வந்தால் இரட்டிப்புக் கவனம். இடைத்தரகர் ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் மூன்று, நான்கு லட்சம் மொத்தமாக வாங்கிவிடுவார். சில மாதம் ஓனருக்கு வாடகை போகும், பிறகு நின்றுவிடும். ஓனர் வந்து காலி செய்யச் சொல்லும்போதுதான் விஷயமே தெரியும். ஓனர் கையெழுத்திட்டுப் பதிவு செய்யாத லீஸுக்குப் பணம் தராதீர்கள்.

அட்வான்ஸுக்கும் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகைதான் வரம்பு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதிக் கையெழுத்திட்டால் அந்த வரம்பு நிற்காது. இதைப் பல பேர் கவனிப்பதில்லை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதி திரும்ப வேண்டும். பெயின்ட் செலவு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். ஒரே மீட்டரை ரூம் ரூமாகப் பிரித்த வீடுகளில் ஈபி யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். எல்லா ரூம் யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் அடுக்குக் கட்டணத்துக்குப் போய்விடும்.

ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். "பதினொரு மாசம்தானே, தேவையில்லை" என்பார்கள். இந்தச் சட்டத்தில் அந்த விலக்கு கிடையாது.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். பரிவர்த்தனையின் 12 இலக்க யூடிஆர் எண், எதிராளியின் யுபிஐ ஐடி, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் வங்கியால் நிறுத்திவைக்க முடியும்.