பதிந்த நிகழ்ச்சி கைக்கு வருகிறதா? எனிக்மா2 செட்டாப் பாக்ஸ்: ஒரு மதிப்புரை

பதிவு வசதியுள்ள செட்டாப் பாக்ஸ்களின் விளம்பரங்களில் வன்தட்டின் கொள்ளளவும், ஒரே நேரத்தில் எத்தனை சேனல்களைப் பதியலாம் என்ற எண்ணிக்கையும் பெரிய எழுத்தில் இருக்கும். பதிந்த நிகழ்ச்சியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வேறொரு கருவியில் பார்க்க முடியுமா என்ற கேள்விக்கு அங்கே பதில் இருப்பதில்லை. அந்த ஒரு கேள்வியை முன்வைத்தே, லினக்ஸ் அடிப்படையிலான எனிக்மா2 மென்பொருளில் இயங்கும் செட்டாப் பாக்ஸ் ஒன்றை இங்கே மதிப்பிடுகிறேன். ட்ரீம்பாக்ஸ், வியூ பிளஸ் முதலிய பெயர்களில் வரும் பல பெட்டிகளிலும் இதே மென்பொருள்தான் இருக்கிறது என்பதால், சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

இதற்கு முன் எங்கள் வீட்டில் இருந்தது ஒரு கட்டணச் சேவை நிறுவனம் கொடுத்த பெட்டி. பதிவது அதில் மிக எளிது. ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். என் அக்கா மகள் கலந்துகொண்ட வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றை அதில் பதிந்து வைத்திருந்தோம். பிறகு பெட்டி பழுதானது. நிறுவனம் வேறு பெட்டி கொடுத்தது. பழைய வன்தட்டைப் புதிய பெட்டியில் இணைத்தபோது, அதில் இருந்த எதையும் அது அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வன்தட்டு நல்ல நிலையில்தான் இருந்தது. அதைத் திறக்கும் சாவி பழைய பெட்டியின் சில்லுக்குள் இருந்தது, அந்தப் பெட்டியோ திரும்பிப் போய்விட்டது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது, பதிவுகளை மீட்டுத் தரும் ஏற்பாடு எதுவும் இல்லை என்ற பதிலோடு பேச்சு முடிந்தது. பணம் கட்டி வைத்திருக்கும் குடும்பத்திடம் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்படி நடப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் தெளிவானது. கட்டணச் சேனல்கள் குறியாக்கம் செய்யப்பட்டே வீட்டுக்கு வருகின்றன. ஸ்மார்ட் கார்டின் உரிமத்தைச் சரிபார்த்துப் பெட்டி அந்தக் குறியாக்கத்தை நீக்கிப் படமாகக் காட்டுகிறது. பதியும்போது, அதே நிகழ்ச்சியைத் தனக்கு மட்டுமே தெரிந்த வேறொரு சாவியால் மறுபடியும் பூட்டித்தான் பெரும்பாலான சேவைப் பெட்டிகள் வன்தட்டில் எழுதுகின்றன. ஆகவே அந்த வன்தட்டைக் கணினியில் இணைத்தால், ஒன்று அது எந்தக் கோப்பையும் காட்டாது, அல்லது காட்டும் கோப்பு எந்தப் பிளேயரிலும் ஓடாது. விண்டோஸ் கணினியாக இருந்தால் இந்த வட்டை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்விக்குச் சம்மதித்தால் பெட்டிக்குள்ளாவது பார்க்க முடிந்ததும் போய்விடும். எச்டிஎம்ஐ வழியாக வெளியே எடுக்கலாம் என்றால், அங்கே எச்டிசிபி என்ற பாதுகாப்பு இருக்கிறது. அதை மதித்து நடக்கும் கேப்சர் கருவிகள் (வெளியே வரும் படத்தைப் பதிபவை) கட்டணச் சேனல் வந்ததும் கறுப்புத் திரையையே பதிகின்றன. மிஞ்சுவது மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏவி கேபிள் வழி மட்டும். பல பெட்டிகளில் அது திறந்திருக்கிறது. ஆனால் படம் எஸ்டி தரத்துக்கு இறங்கிவிடும், ஒரு மணி நேர நிகழ்ச்சியை எடுக்க ஒரு மணி நேரம் அதை ஓடவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். புதிய பெட்டிகள் சிலவற்றில் அந்தத் துளையே இல்லை.

எனிக்மா2 பெட்டியில் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை எழுவதே இல்லை. இலவச ஒளிபரப்பு எந்த வடிவத்தில் வருகிறதோ, பல சேனல்களின் படமும் ஒலியும் சேர்ந்து வரும் அந்த டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமிலிருந்து நாம் தேர்ந்த சேனலுக்குரிய பகுதியைப் பிரித்து, அப்படியே கோப்பாக எழுதிவிடுகிறது. ஒவ்வொன்றும் 188 பைட் அளவுள்ள பொட்டலங்களின் நீண்ட வரிசைதான் அந்தக் கோப்பு. நிலையத்திலிருந்து வந்த படத்துக்கும் வன்தட்டில் விழுந்த படத்துக்கும் தரத்தில் எந்த வேறுபாடும் இல்லை, ஏனென்றால் இடையில் யாரும் அதை மறுபடி சுருக்கவில்லை. மாற்றுமொழி ஒலித்தடம் இருந்தால் அதுவும் கோப்பில் சேர்ந்தே வருகிறது.

வன்தட்டில் மூவி என்ற கோப்புறையைத் திறந்து பார்த்தபோதுதான் இந்தப் பெட்டி எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு பதிவின் பெயரிலும் முதலில் தேதி, அடுத்து நேரம், பிறகு சேனலின் பெயர், கடைசியில் நிகழ்ச்சியின் பெயர் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. பெயர் வாரியாக அடுக்கினாலே கால வரிசை அமைந்துவிடும். டிஎஸ் என்ற நீட்சியுள்ள பெரிய கோப்புதான் நிகழ்ச்சி. அதன் பக்கத்திலேயே சில சிறிய கோப்புகள் இருக்கும்: ஈஐடி கோப்பில் நிகழ்ச்சிக் குறிப்பு, மெட்டா கோப்பில் தலைப்பும் சேனல் விவரமும், கட்ஸ் கோப்பில் நாம் கடைசியாக நிறுத்திய இடமும் வெட்டுக்குறிகளும், ஏபி கோப்பில் முன்னும் பின்னும் தாவுவதற்கான புள்ளிகள். கணினியில் பார்க்கப் பெரிய கோப்பு ஒன்று போதும், விஎல்சி பிளேயர் அதைத் தயங்காமல் ஓட்டுகிறது. ஆனாலும் சிறியவற்றையும் சேர்த்தே நகலெடுத்து வைப்பது நல்லது. பல ஆண்டு கழித்து இது எந்த நிகழ்ச்சி, எந்தச் சேனலில் வந்தது என்ற கேள்வி எழும்போது அந்தச் சிறு கோப்புகளில்தான் விடை இருக்கும்.

நகலெடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது வீட்டு நெட்வொர்க் வழி. பெட்டியில் ஓப்பன்வெப்இஃப் என்ற இணைய இடைமுகம் இருந்தால், கணினி உலாவியில் பெட்டியின் முகவரியைத் தட்டினாலே பதிவுகளின் பட்டியல் வந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் பதிவிறக்கும் இணைப்பு இருக்கிறது. எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாகவும் எடுக்கலாம். வேகம்தான் குறை. நொடிக்கு 8 மெகாபிட் வீதம் வரும் எச்டி ஒளிபரப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3.6 ஜிபி இடம் பிடிக்கும். 2 மணி நேரத் திரைப்படம் 7 ஜிபியைத் தாண்டும். பெட்டியின் நெட்வொர்க் துளை 100 மெகாபிட் வகையாக இருந்தால், கணக்குப்படியே அதற்குக் கிட்டத்தட்ட 10 நிமிடம் ஆகும், நடைமுறையில் அதற்கும் மேலே போகும். வைஃபையில் இன்னும் பொறுமை வேண்டும்.

இரண்டாவது வழி, யுஎஸ்பி வன்தட்டைக் கழற்றிக் கணினியில் நேரடியாக இணைப்பது. இதில் வேகம் கிடைக்கும், ஆனால் வட்டின் ஃபார்மேட் குறுக்கே நிற்கும். எனிக்மா2 தானாக ஃபார்மேட் செய்யும் வட்டு பொதுவாக இஎக்ஸ்டி4 வகை; லினக்ஸ் கணினி அதை உடனே படிக்கும், விண்டோஸ் தானாகப் படிக்காது. சரி, பென் டிரைவில் வருவதுபோல ஃபேட்32 ஆக வைத்துக்கொள்ளலாமே என்றால், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீண்ட பதிவு பாதியில் நின்றுவிடும், அல்லது துண்டு துண்டாக எழுதப்படும். துண்டுகளாக வந்தால் கவலை வேண்டாம், வரிசை மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் முழு நிகழ்ச்சியும் கிடைத்துவிடும். டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் அப்படி ஒட்டக்கூடிய வடிவம்தான். அந்த வரம்பில்லாத எக்ஸ்ஃபேட் வகைக்கு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே ஆதரவு வந்தது 2019இல் வெளியான 5.4 பதிப்பில் என்பதால், பழைய கெர்னலில் ஓடும் பெட்டிகளில் அதை நம்பக் கூடாது. பதிவுக்கு இஎக்ஸ்டி4 வட்டு, கணினிக்கு நெட்வொர்க் வழி நகல் என்ற ஏற்பாடே எனக்குச் சரிப்பட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது வாங்கி வந்து செருகியதும் எல்லாம் தயாராகிவிடும் பெட்டி அல்ல. சேனல் பட்டியலை நாமே ஒழுங்குபடுத்த வேண்டும். அமைப்புகள் பக்கம் பக்கமாக விரிகின்றன. முழுவதும் அணைத்துவிட்டு மறுபடி போட்டால் எழுந்து வர நேரம் எடுத்துக்கொள்கிறது. டைமரில் பதிவு வகை என்ற இடத்தில் சாதாரணம் என்பதைத் தேர்ந்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வது அவசியம். குறியாக்கத்துடனேயே பதியும் வகையும் அதே இடத்தில் இருக்கிறது. ஒரே டியூனர் (ஒளிபரப்பைப் பிடிக்கும் பகுதி) உள்ள பெட்டியில், ஒரே டிரான்ஸ்பாண்டரில் (பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் செயற்கைக்கோள் அலைவரிசை) வரும் இரண்டு மூன்று சேனல்களைச் சேர்த்துப் பதியலாம், வேறு டிரான்ஸ்பாண்டரில் உள்ள சேனலை அதே நேரத்தில் பதிய முடியாது. இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்க்கும் வீடென்றால் இரட்டை டியூனர் பெட்டியை வாங்குவதே சண்டையில்லாத வழி.

இதைவிட முக்கியமான வரம்பு கட்டணச் சேனல்களில் இருக்கிறது. சிஐ பிளஸ் மாட்யூல் (ஸ்மார்ட் கார்டோடு பெட்டியில் செருகும் சிறு கருவி) வழியாக அவற்றைப் பெறும் இடங்களில், எந்த நிகழ்ச்சியை நகலெடுக்கலாம், எதைக் கூடாது என்ற விதி நிகழ்ச்சியோடு சேர்ந்தே பெட்டிக்கு வருகிறது. ஆகவே திறந்த மென்பொருள் என்பதால் எல்லாச் சேனலும் திறந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். குறியாக்கத்தை உடைத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் பீட்டாமேக்ஸ் வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 1996ஆம் ஆண்டின் வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) பதிப்புரிமை உடன்படிக்கைக்குப் பின் பல நாடுகளில் பூட்டை உடைப்பதே தனிக் குற்றமாகியிருக்கிறது. இலவசச் சேனல்களைப் பொறுத்தவரை இந்தக் கவலைக்கே இடமில்லை, இந்தப் பெட்டியின் பலமும் அங்கேதான்.

கணினிக்கு வந்த கோப்பை உடனே வேறு வடிவத்துக்கு மாற்றிச் சுருக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் படத்தின் விவரம் கொஞ்சம் போகிறது, போனது திரும்பாது. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைக் கொண்டு, படத்தையும் ஒலியையும் தொடாமல் எம்கேவி என்ற உறைக்குள் மாற்றினால் சில நிமிடங்களில் வேலை முடியும், தரமும் குறையாது. விளம்பரங்களை நீக்க லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருள் போதுமானது. கீஃப்ரேம் (முழுப் படமாகவே பதிந்திருக்கும் சட்டகம்) இருக்கும் இடத்தில்தான் அது வெட்டும் என்பதால், நினைத்த இடத்துக்கு ஓரிரு நொடி முன்னதாகவே வெட்டு விழும். அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை, நிகழ்ச்சியின் முதல் சொல் நறுக்கப்படுவதைவிட விளம்பரத்தின் கடைசி நொடி ஒட்டியிருப்பது மேல்.

அபூர்வமாக ஒரு பதிவில் ஓரிடத்துக்குப் பிறகு நேரம் தாறுமாறாகக் காட்டும், படமும் ஒலியும் விலகும். ஒளிபரப்பில் நேரக்குறியீடு 33 பிட் எண்ணாக, நொடிக்கு 90,000 வீதம் ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ 26.5 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்புகிறது. அந்தத் திருப்பம் நம் பதிவின் நடுவே விழுந்துவிட்டால் சில பிளேயர்கள் குழம்பிவிடுகின்றன. பதிவு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாமல், அந்த இடத்தில் இரண்டாகப் பிரித்து வைத்தால் இரண்டு பகுதிகளும் ஒழுங்காக ஓடும்.

இலவசச் சேனல்களில் வரும் இசை நிகழ்ச்சிகள், நேர்காணல்கள், ஆவணப்படங்கள், தெரிந்தவர்கள் தோன்றும் நிகழ்ச்சிகள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்க விரும்புகிறவர்களுக்கும், அமைப்புகளோடு ஓரிரு மாலைகள் மல்லுக்கட்டத் தயங்காதவர்களுக்கும் இந்தப் பெட்டியைத் தயக்கமின்றிச் சொல்வேன். தொடர்களை இன்று பதிந்து நாளை பார்த்து அழித்துவிடுகிறவர்களுக்குச் சேவை நிறுவனத்தின் பெட்டியே வசதி. எந்தப் பெட்டியை வாங்குவதாக இருந்தாலும், கடையிலேயே ஒரு சேனலை 2 நிமிடம் பதியச் சொல்லி, அந்தக் கோப்பைப் பென் டிரைவில் வாங்கி, வேறொரு கணினியில் விஎல்சியில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, நகலெடுத்த கோப்பின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஓட்டிப் பார்த்து, இன்னொரு வட்டில் இரண்டாவது நகலையும் வைத்த பிறகே பெட்டியில் உள்ள மூலப்பதிவை அழிக்கலாம்.