கூட்டாளி முந்திக்கொண்டால் புள்ளி செல்லுமா? ஃபீபா, என்பிஏ ஃப்ரீ த்ரோ விதிகள்

கூடைப்பந்து ஆட்டம். எதிரணியின் ஃபவுலுக்காக (தவறுக்காக) யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களில் கடைசி. பந்து இன்னும் எறிபவரின் கையில்தான் இருக்கிறது. அதற்குள் பக்கவாட்டு வரிசையில் நிற்கும் கூட்டாளியின் ஷூ நுனி கோட்டைத் தாண்டி உள்ளே பதிந்துவிட்டது. அடுத்த நொடி, பந்து வளையத்தில் உரசாமல் வலைக்குள் இறங்குகிறது. புள்ளி உண்டா?

உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி உண்டு. கூட்டாளி முந்தியதை நடுவர் பொருட்படுத்த மாட்டார். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் விதிப்படி இல்லை. புள்ளி ரத்து, பந்தும் எதிரணிக்குப் போய்விடும். நாம் ஆடுவது ஃபீபா விதிகளின்படி, டிவியில் பார்த்துப் பழகியதோ என்பிஏ. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

என் ஓட்டு ஃபீபாவுக்கு. ஒருவர் எதற்காக முந்துகிறார்? ரீபவுண்டுக்காக, அதாவது தவறித் திரும்பும் பந்தைப் பிடிக்க. பந்து உள்ளே விழுந்துவிட்டால் ரீபவுண்டுக்கே இடமில்லை. யாருக்கும் லாபம் இல்லாதபோது, ஒழுங்காக எறிந்தவரின் புள்ளியைப் பறிப்பது அநியாயம். பந்து தவறினால் கதை வேறு. அப்போது முந்தியவருக்கு லாபம் உண்டு, ஃபீபாவும் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுகிறது. என்பிஏ முறையில் நடுவருக்கு ஒரு வசதி இருப்பதை மறுக்கவில்லை: பந்து எங்கே போகிறது என்று காத்திருக்காமல் விசில் ஊதிவிடலாம். ஆனால் நடுவரின் வசதிக்காக ஒரு புள்ளியை விலையாகக் கொடுக்க முடியாது.

மற்றவற்றில் பெரிய பேதமில்லை. எறிபவரே கோட்டை மிதித்தால் இரண்டிலும் புள்ளி கிடையாது. தற்காப்பு அணி முந்தினால், விழுந்த பந்து கணக்கில் சேரும், தவறியதற்கு மறுவாய்ப்பு கிடைக்கும். அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் மட்டும், பந்து வளையத்தைத் தொடும்வரை வரிசையில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 வரை நீடித்தது.

நேர விஷயத்தில் மட்டும் நான் என்பிஏ பக்கம். எறிபவருக்கு ஃபீபா தருவது 5 நொடி, என்பிஏ தருவது 10. ஃபவுலில் அடிபட்டு எழுந்து வந்தவருக்கு மூச்சை நிதானப்படுத்த 5 நொடி போதாது. 2021 என்பிஏ பிளேஆஃப் (லீக் சுற்றுக்குப் பிந்தைய) ஆட்டங்களில் கிரீஸ் வீரர் யானிஸ் ஆன்டெட்டோகும்போ கோட்டில் நின்றபோதெல்லாம் எதிரணி ரசிகர்கள் நொடிகளை உரக்க எண்ணினார்கள். 10 நொடியைத் தாண்டி அவர் விசில் வாங்கியதும் உண்டு. அதே யானிஸ், இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 19 ஃப்ரீ த்ரோக்களில் 17ஐ உள்ளே போட்டார். கிரீஸ் அணிக்காக ஆடும்போது அவருக்குக் கிடைப்பது ஃபீபா விதிப்படி என்பிஏவில் கிடைப்பதில் பாதி நேரம்தான்.