பழைய டீசல் லாரிக்கு எது: சிப்பா, பெட்டியா, ரீமேப்பா?

டைல்ஸ் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூரின் பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம் ஏறினால் எங்கள் லாரி மூன்றாம் கியருக்கு இறங்கிவிடும். இசுசு, 3.0 லிட்டர் 4ஜேஜே1 டீசல். இழுவையைக் கூட்ட வழி கேட்டால் பட்டறைக்கு ஒரு பதில் வரும்.

சிப் மாற்றுவது 1990களின் வண்டிகளுக்கான வேலை. இன்ஜின் கம்ப்யூட்டரைத் திறந்து, சாக்கெட்டில் இருக்கும் சிப்பைக் கழற்றி, வேறு எழுதிச் சொருகுவார்கள். மெக்கானிக்கல் பம்ப் டீசலில் மாற்றி எழுத எதுவுமே இல்லை. அதற்கும் சிப் உண்டு என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

காமன்ரெயில் வண்டிக்கு, அதாவது உயர் அழுத்த டீசலை ஒரே குழாயில் (ரெயில்) தேக்கி, கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர்கள் வழியாகப் பாய்ச்சும் வண்டிக்கு, போட்டி மற்ற இரண்டுக்கும்தான். டியூனிங் பெட்டி, ரெயில் பிரஷர் சென்சார் ஒயரில் நடுவே உட்காரும். அழுத்தம் குறைவு என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்; கம்ப்யூட்டரும் நம்பி அழுத்தத்தை ஏற்றும்; டீசல் கூடுதலாகப் பாயும். விலை குறைவு, கழற்றினால் பழையபடி. ஆனால் டீசலுக்கு ஈடாகக் காற்று கூடாவிட்டால் கரும்புகைதான், டர்போவும் சூடேறும். பத்து வயது தாண்டிய லாரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகிறது, அங்கே புகையையும் அளப்பார்கள். தேய்ந்த இன்ஜெக்டர்மீது இந்தப் பெட்டியை நான் மாட்டமாட்டேன்.

ரீமேப் என்றால் கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராமையே மாற்றி எழுதுவது. அதில் டீசல் அளவு, பாயும் நேரம், டர்போ அழுத்தம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த மாறும். நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். டாப் ஸ்பீடு கேட்காதீர்கள். 60, 70 கிலோமீட்டர் வரம்புள்ள லாரிக்கு அது எதற்கு? 1,500 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) டார்க், அதாவது இழுவை கேளுங்கள். மாற்றுவதற்கு முன் இருந்த ஒரிஜினல் ஃபைலின் நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் அதில் கைவைக்கவே விடாதீர்கள். எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) விதியைப் பார்த்து, இன்ஷூரன்ஸிடமும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

எங்கள் லாரிக்கு மெக்கானிக் அண்ணன் முதலில் லேப்டாப்பை எடுக்கவில்லை. இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயைக் கழற்றி, "விரலை விட்டுப் பாருங்க தம்பி" என்றார். தார் போலக் கரி, பாதி வழி அடைத்திருந்தது. இஜிஆர் (புகையில் கொஞ்சத்தை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு) சுத்தம், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ ஹோஸில் ஒரு கிளாம்ப். மறுநாள் அதே லோடு, அதே பாலம்: நான்காம் கியரிலேயே ஏறியது. சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தால் ரீமேப் செய்வேன். அதுவரை இது போதும்.