ட்ரோக்கியின் இரண்டு படகுகள்

ஸ்காட்லாந்து நாவலாசிரியர் அலெக்சாண்டர் ட்ரோக்கியைப் படிக்க நினைப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டியது 'யங் ஆடம்' நாவல். அவருடைய நாவல்களில் பேர் பெற்றது 'கெயின்ஸ் புக்' என்பதால் பலர் நேராக அதில் இறங்கி, கதையே நகரவில்லை என்று ஐம்பது பக்கத்திலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். நாவல்மேல் தப்பில்லை, வரிசைதான் மாறிவிட்டது.

'யங் ஆடம்' வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். 1954-இல் பாரிஸின் ஒலிம்பியா பிரஸ் அதை ஃபிரான்சிஸ் லெங்கல் என்ற புனைபெயரில் வெளியிட்டது. அந்தப் பதிப்பகத்தின் சந்தைக்காகச் சேர்த்த பாலியல் காட்சிகள் அதில் உண்டு. பின்னாளில் ட்ரோக்கி அவற்றை எடுத்துவிட்டுத் தன் பெயரிலேயே கொண்டுவந்தார். அந்தத் திருத்திய வடிவம்தான் வேண்டும். லெங்கல் பெயர் போட்ட பழைய பிரதி சேகரிப்பவர்களுக்குப் புதையல், ஆனால் முதல் வாசிப்புக்கு ஆகாது.

கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் நடுவே கால்வாயில் ஓடும் சரக்குப் படகு. அதில் வேலை பார்க்கும் ஜோவும் படகுக்காரர் லெஸ்லியும் தண்ணீரில் மிதக்கும் ஒரு பெண்ணின் பிணத்தை மேலே இழுத்துப் போடுகிறார்கள். அந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஜோவிடம் பதற்றம் கிடையாது. தண்ணீருக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்ட உடல் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான். கொஞ்ச நேரத்தில் மனம் லெஸ்லியின் மனைவி பக்கம் போய்விடுகிறது. துப்பறியும் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். தடயம் முழுக்க அவன் குரலில் இருக்கிறது; எதைச் சொல்லாமல் விடுகிறான் என்பதுதான் நாவல். இரண்டாம் பாகத்தில் அவனே வாய் திறக்கிறான். அதற்குப் பிறகு, குற்றமற்ற ஒருவன் கூண்டில் நிற்கும்போதும் அந்தக் குரல் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. முடித்த கையோடு முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள், அதே வாக்கியங்கள் நடுங்கவைக்கும். 2003-இல் டேவிட் மெக்கன்சி எடுத்த படம் நல்ல படம். ஆனாலும் புத்தகத்துக்குப் பிறகு பாருங்கள்; திரையில் ஜோவின் முகம் நாம் வெளியிலிருந்து பார்க்கும் முகமாகிவிடுகிறது.

'கெயின்ஸ் புக்' 1960-இல் நியூயார்க்கில் க்ரோவ் பிரஸ் வெளியீடு. இதன் நாயகன் ஜோ நெக்கி வேறொரு ஜோ, ஹெராயினுக்கு அடிமை. ஸ்கௌ என்ற தட்டையான சரக்குப் படகில் வேலை. அதற்கு எஞ்சின் கிடையாது. இழுவைப் படகு வந்து கட்டி இழுக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். உரைநடையும் அப்படியே காத்திருக்கிறது, மிதக்கிறது, எங்கோ இழுபடுகிறது. கதைச்சரடு தேடாமல், ஒரு உட்காரலுக்கு இருபது முப்பது பக்கம் என்று படித்தால் பிடிபடும். கிளாஸ்கோ சிறுவயது நினைவுகள், வேலையில்லாத அப்பாவைப் பற்றிய பக்கங்கள் அபாரம். போதைச் சட்டங்களைப் பற்றி ட்ரோக்கி பிரசங்கம் செய்யும் இடங்களில் எழுத்து தொய்கிறது. பெண் பாத்திரங்களுக்கும் உயிர் போதாது.

பிரிட்டனில் ஜான் கால்டர் வெளியிட்ட பதிப்பு 1964-இல் ஷெஃபீல்டில் ஆபாச வழக்கில் மாட்டிக்கொண்டது. மேல்முறையீட்டிலும் தோல்வி. பாலியல் இல்லாவிட்டாலும், போதைப் பழக்கத்துக்கு ஆதரவாகப் பேசுவதே ஒரு புத்தகத்தை ஆபாசமாக்கலாம் என்று தீர்ப்பானது. இது தெரிந்து படித்தால் அந்தப் பிரசங்கங்கள் எந்தச் சுவரில் மோதின என்பதாவது விளங்கும்.

ட்ரோக்கியின் வாழ்க்கை, நாவல்களை மறைத்துவிடும் அளவுக்குப் பரபரப்பானது. 1925-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். பாரிஸில் 'மெர்லின்' இதழை நடத்திச் சாமுவேல் பெக்கெட்டை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்தார். இந்த ஒன்றுக்கே நன்றி சொல்லலாம். 1962 எடின்பரோ எழுத்தாளர் மாநாட்டில் மூத்த கவிஞர் ஹியூ மெக்டயர்மிட்டோடு மேடையிலேயே மோதல். 'கெயின்ஸ் புக்'குக்குப் பிறகு, 1984-இல் லண்டனில் இறக்கும்வரை இன்னொரு நாவல் வரவேயில்லை. ஒலிம்பியாவுக்குப் புனைபெயர்களில் எழுதிய மற்றவை பிழைப்புக்காக எழுதியவை. அவற்றைத் தேடி அலைய வேண்டாம், இந்த இரண்டையும் வாங்குங்கள்.